நாலு மணி நேரப் பயணம், சாஆவிலிருந்து எத்தனை மணி?

கோலாலம்பூரில் காலை 9.00 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 10.20க்கு வருகை. இப்படி ஒரு டிக்கெட்டைப் பார்த்தால், பயணம் ஒரு மணி இருபது நிமிடம்தான் என்று தோன்றும். திரும்பி வரும் டிக்கெட்டில் அதுவே ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். “போகும்போது மட்டும் விமானம் வேகமாப் போகுதா தம்பி?” என்று வானொலிக்கு அழைத்துக் கேட்கும் நேயர்கள் உண்டு.

இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்படுகின்றன. நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. பறப்பது என்னவோ இரு வழியிலும் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். நம் பெரியவர்கள் சிலர் இன்னும் ‘ரெண்டு மணி வித்தியாசம்’ என்பார்கள். அதுவும் ஒரு காலத்தில் சரிதான். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது 1982 புத்தாண்டில்தான்.

சிப்பாங்கிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் 2,690. திருச்சி தெற்கே இருப்பதால் நமக்குக் கிட்டம் என்று நினைப்போம். ஆனால் அது மேற்கேயும் தள்ளி இருக்கிறது. காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்றோட்டம் ஒன்று வீசும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் அதை விளக்கி எழுதினார். அந்த மாதங்களில் போகும்போது விமானத்தை அது தள்ளிவிடும். வரும்போது எதிர்த்து நிற்கும்.

இதெல்லாம் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதை வரைக்குமான கணக்கு. சாஆக்காரர்களுக்குப் பயணம் வீட்டு வாசலில் அல்லவா தொடங்குகிறது? யோங் பெங் போய் நெடுஞ்சாலையைப் பிடித்து, சிப்பாங் சேர 200 கிலோமீட்டருக்கு மேல். சாங்கி இதைவிடக் கிட்டம்தான். ஆனால் ஜொகூர் பாலத்து நெரிசலை நம்பி யார் நேரம் குறிப்பது? அங்கிருந்து சென்னைக்கு வான்தூரமும் சுமார் 300 கிலோமீட்டர் கூடுதல்.

சுற்றுலா என்றால் இந்தக் கணக்குப் பிசகினாலும் பரவாயில்லை. சாவுச் செய்தி வந்தால்? ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் பயணமே ஒரு வாரம். மலாயாவிலிருந்து யாரும் வந்து முகம் பார்ப்பார்கள் என்று ஊரில் காத்திருக்கவில்லை. இன்று காத்திருக்கிறார்கள். “எத்தனை மணிக்கு வருவீங்க? எடுக்காம வச்சிருக்கட்டுமா?” என்று கேட்கிறார்கள்.

காலை 6 மணிக்கு அந்தப் போன் வருகிறது என்று வையுங்கள். ஏழுக்குக் கிளம்பினால் பத்துக்குச் சிப்பாங். பகல் ஒரு மணி விமானத்தில் இடம் கிடைத்தால், திருச்சியில் இறங்கும்போது நமக்கு மாலை 5, அங்கே பிற்பகல் 2.30. குடிநுழைவு முடிந்து, காரில் ஒரு மணி நேரத் தொலைவில் ஊர் என்றால் 4.30க்குப் போய்ச் சேரலாம். வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பன்னிரண்டு மணி நேரம். ஆனால் அங்கே பொழுது சாயவில்லை. அந்த இரண்டரை மணி நேரம் இங்கேதான் கைகொடுக்கிறது. இடம் கிடைப்பது இரவு விமானத்தில் என்றால், மறுநாள் காலைவரை வைத்திருக்கச் சொல்ல வேண்டியதுதான்.

ஆகவே ஊருக்குப் போனில் ‘நாலு மணி நேரத்துல வந்துடுவேன்’ என்று சொல்லாதீர்கள். இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு வாசலில் நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கும் முன்னால், இந்திய விசா கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.