இரண்டு நூல் சேலை, 480 இருநிறச் சதுரம்

கோலா தெர்லாவில் இருட்டிய பிறகு ஜன்னலைத் திறந்து வைத்திருக்க யாருக்கும் மனம் வராது. கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் முதலில் தேடுவது போர்வையைத்தான். அதே வீட்டு அலமாரியில் அம்மாவோ பாட்டியோ கட்டிய நூல் சேலைகள் மடித்தபடி கிடக்கும். கட்டவும் ஆளில்லை, கொடுக்கவும் மனசில்லை.

அந்தச் சேலைகளைப் போர்வையாக்கலாம். ஒட்டுத்துணி வேலை நமக்குப் புதிதில்லை. மலாய்க்காரர்கள் சிறு சதுரமும் முக்கோணமுமாகத் துணியை இணைத்துத் தைப்பதற்குத் 'தம்பால் செரிபு' என்று பெயர். ஆயிரம் ஒட்டு என்று பொருள். 1942இல் ஜப்பானியர் ஆட்சியில், சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள், துண்டுத் துணிகளில் பூத்தையல் போட்டு, பெயரும் எழுதி, ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட போர்வைகளைத் தைத்தார்கள். வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

நாம் எடுத்துக்கொள்வது அதைவிட எளிய வடிவம்: ஒரு பாதி கருநிறம், மறு பாதி வெளிர்நிறமாக, மூலைக்கு மூலை பிரிந்த சதுரம். இதே ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்தால் காற்றாடி வரும், மலைத்தொடர் வரும், வைரக்கட்டம் வரும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

முக்கோணமாக வெட்டித் தைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். துணியில் பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம் ஓடுகிறது. அந்த இரு திசையிலும் இழுத்தால் துணி அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல் நீளும். தையற்காரர்கள் கிராஸ் என்பது இதைத்தான். முக்கோணமாக வெட்டிய துண்டின் நீண்ட விளிம்பு முழுக்கக் கிராஸ். பல வருடம் துவைத்து இளகிய சேலையில், தைத்து முடிப்பதற்குள் அது நெளிந்துவிடும். பாட்டி சேலை ஒன்றுதான் இருக்கிறது. கடைக்குப் போய் இன்னொரு கெஜம் வாங்க முடியாது. அதனால் முதலில் தைக்க வேண்டும், பிறகு வெட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் கஞ்சி. சேலையைத் துவைத்து, சாதம் வடித்த கஞ்சியில் முக்கி, காயவைத்து, அயர்ன் செய்யுங்கள். காகிதம் போல் விறைத்து நிற்கும் துணி வெட்டும்போது நழுவாது. நைலெக்ஸ், ஜார்ஜெட் சேலைகளை முதல் போர்வைக்குத் தொடாதீர்கள்.

தைத்து முடித்தபின் 3 அங்குலம் நிற்கும் சதுரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 அங்குலச் சதுரமாகக் கருநிறத்தில் ஒன்று, வெளிர்நிறத்தில் ஒன்று வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மேல்துணியில் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், பெருக்கல் குறி போல. ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையல். ஆக நான்கு தையல். துணியை நகர்த்தாமல், நடுப்புள்ளி வழியாக முதலில் நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி, பின்பு வரைந்த கோடுகளின் மேலேயே வெட்டுங்கள். பிரித்தால் எட்டு இருநிறச் சதுரங்கள்.

இந்த முறையில் துணி மிச்சமாகாது. 4 அங்குலச் சதுரங்களை வைத்து இரண்டிரண்டாகத் தைத்தாலும் அதே அளவு துணிதான் போகும். மிச்சமாவது நேரம். 60க்கு 72 அங்குலப் போர்வைக்கு இப்படிப்பட்ட சதுரங்கள் 480 தேவை. இரண்டிரண்டாகத் தைத்தால் 4 அங்குலத்தில் 480 துண்டு வெட்ட வேண்டும். எட்டெட்டாகத் தைத்தால் 8 அங்குலத்தில் 120 துண்டு போதும். ஒவ்வொரு நிறத்திலும் 60. ஐந்தரை மீட்டர் சேலையில் 130 வரை எடுக்கலாம். கிழிந்த இடம், கறை படிந்த இடம் எல்லாம் ஒதுக்கியும் தாராளமாக வரும். முந்தானையை வெட்டாமல் தனியே வைத்துக்கொள்ளலாம்.

நான்கு ஓரத்தையும் சுற்றித் தைத்து மூலைவாட்டில் வெட்டும் முறையும் உண்டு. பார்க்க வேகமாகத் தெரியும். ஆனால் வெளிவிளிம்பு நான்கும் கிராஸாகிவிடும். பழைய சேலைக்கு அது ஆகவே ஆகாது.

கால் அங்குலத்தில் கண்டிப்பு வேண்டும். சதுரங்களை வரிசையாக இணைக்கும்போது ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால், 20 சதுர வரிசையில் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் காணாமல் போகும். ஊசியிலிருந்து கால் அங்குலத்தை அளந்து மிஷின் தகட்டில் டேப் ஒட்டிவிடுங்கள். பழைய கறுப்பு சிங்கர் மிஷினே போதும். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததைப் பாதத்தின் கீழ் செலுத்தினால், பூச்சரம் போல் தொடர்ந்து வரும்.

விரித்த சதுரங்களை அயர்னால் தேய்க்கக் கூடாது, வைத்து வைத்து எடுக்க வேண்டும். மடிப்பு கருநிறப் பக்கம் சாயட்டும். பிறகு மூன்றரை அங்குலமாக ஓரம் நறுக்குங்கள். நிறங்கள் சேரும் தையல், மூலைக்கு மூலை சரியாக ஓட வேண்டும். அலுப்பான வேலைதான். இதைத் தாண்டிப் போனவர்களின் போர்வையில் கூர்முனைகள் மழுங்கியிருப்பது தூரத்திலேயே தெரியும்.

நடுவில் வைக்கக் கடைப் பஞ்சு தேவையில்லை, தேய்ந்துபோன பருத்திப் போர்வை ஒன்று போதும். அடியில் மூன்றாவது சேலை; அகலம் போதாது என்பதால் இரண்டு நீளமாக வெட்டி இணைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கையும் ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு வீதம் கெட்டி நூலால் கட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் போர்வை தயார். முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில் துவையுங்கள். பழைய சிவப்புச் சேலைகள் சில இன்னும் சாயம் விடும்.