தகட்டுக்குத் தகடு சமமாக ஓட வேண்டும்

நமது உறுப்பினர்களில் பலர் இப்போது வாங்கி விற்பதோடு நில்லாமல் பால் பாக்கெட், ரோஸ் மில்க், பழச்சாறு, எண்ணெய் பாக்கெட் என்று சிறு தொழிற்கூடங்களிலும் முதல் போட்டு வருகிறார்கள். வரவேற்க வேண்டியதே. அவற்றில் பாலைச் சூடாக்கவும் குளிரவைக்கவும் ஒரு தகட்டு இயந்திரம் இருக்கும். பிளேட் சில்லர் என்பதும், பாஸ்டுரைசரின் நடுவில் இருப்பதும் இதுவே. கொட்டேஷன் வந்ததும் எத்தனை பிளேட் என்று பார்த்துப் பேரம் பேசுகிறோம். மண்டியில் மூட்டை எண்ணிப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் எல்லாப் பிளேட்டுகளுக்கு இடையிலும் பால் சமமாக ஓடுகிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்கக்கூடாது.

1923ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் என்பவர் பால் பதப்படுத்துவதற்காக இந்த இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெல்லிய எவர்சில்வர் தகடுகளை ரப்பர் கேஸ்கட் வைத்து வரிசையாக நிறுத்தி, இரு பக்கமும் கனத்த இரும்புப் பலகை கொடுத்துப் போல்ட்டால் இறுக்கிவிடுவார்கள். தகடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் சந்து. ஒரு சந்தில் சூடானது, அடுத்த சந்தில் குளிர்ந்தது என்று மாறி மாறி எதிரெதிராக ஓடும். ஒன்றோடொன்று கலக்காது, சூடு மட்டும் தகடு வழியே கை மாறும்.

இதனால் வரும் மிச்சம் பெரிது. 4 டிகிரியில் உள்ள 1,000 லிட்டர் பாலை 72 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 76 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். சூடாகி வெளியே போகும் பாலைக் கொண்டே உள்ளே வரும் பாலைச் சூடாக்கினால் அதில் 90 சதவீதம் திரும்பக் கிடைக்கும். வரும் பால் 65 டிகிரி வரை சும்மாவே ஏறிவிடும்; போகும் பால் 11 டிகிரி வரை சும்மாவே இறங்கிவிடும். நாம் செலவு செய்ய வேண்டியது மீதி 7 டிகிரிக்குத்தான். ஆனால் இந்த 90 சதவீதம், எல்லாச் சந்துகளிலும் ஓட்டம் சமமாக இருந்தால் வரும் கணக்கு.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் தலைப்பில் உள்ள மடைகளுக்குத் தண்ணீர் தாராளம். கடைமடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். தகடுகளின் மூலையில் உள்ள துவாரங்கள் ஒன்றுசேர்ந்து அமைவதுதான் இங்கே வாய்க்கால். சந்துகள் மடைகள். பால் நுழைவதும் வெளியேறுவதும் முன்பக்கமாகவே இருந்தால், கடைசித் தகடு வரை போய்வருவதற்குள் வாய்க்காலிலேயே அழுத்தம் கொஞ்சம் செலவாகிவிடும். முன்வரிசைச் சந்துகளில் ஓட்டம் கூடும், பின்வரிசையில் குறையும்.

அதனால் என்ன, கடைசியில் எல்லாம் கலந்துதானே வருகிறது என்று கேட்கலாம். கலந்தாலும் கணக்கு நேராகாது. குளிர்நீர் 2 டிகிரி என்று வையுங்கள். ஓட்டம் குறைந்த சந்தில் பால் எவ்வளவு மெதுவாகப் போனாலும் 2 டிகிரிக்குக் கீழே இறங்க முடியாது. ஓட்டம் கூடிய சந்தில் 7 டிகிரியிலேயே வெளியே வந்துவிடும். அளவில் அதிகம் வருவது இந்த 7 டிகிரிப் பால்தான். கலவை 4 டிகிரிக்கு வராது. மறுநாள் பகலில் சில்லறைக் கடைக்காரர் திரிந்த பாக்கெட்டைத் திருப்பித் தரும்போது பழி அவருடைய குளிர்பெட்டி மேல் விழும்!

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, "இன்னும் கொஞ்சம் பிளேட் சேர்த்துவிடலாம்" என்பது. இங்கேதான் பணம் வீணாகிறது. அதே அளவு பாலும் நீரும் ஓட, 40 பிளேட்டை 80 ஆக்கினால், ஒவ்வொரு சந்திலும் வேகம் பாதியாகும். வேகம் பாதியானால் ஒரு பிளேட்டின் கடத்தும் திறன் ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறையும். விலை இரண்டு மடங்கு. திறனில் கூடுவது கால் பங்குக்குள்தான். அத்துடன் சந்தில் ஏற்படும் அழுத்த இழப்பு மிகவும் குறைந்து, வாய்க்கால் இழப்பு கூடிவிடுவதால் கடைமடைக் கஷ்டமும் அதிகமாகும். சந்தில் இழப்பு அதிகமாகவும் வாய்க்காலில் சொற்பமாகவும் இருந்தால்தான் ஓட்டம் சமமாகப் பிரியும். அழுத்த இழப்பே கூடாது என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சமமான ஓட்டத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. பம்ப் மின்சாரத்தில் கொடுத்தே ஆக வேண்டும்.

நல்ல வழி, தகடுகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, பால் முதல் பகுதியைக் கடந்து பிறகு இரண்டாம் பகுதிக்குப் போகும்படி அமைப்பது. சந்துகள் பாதியாவதால் வேகம் இரட்டிக்கும். அழுத்த இழப்பு ஏழெட்டு மடங்காகும் என்பதால் பம்ப் தாங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகட்டின் மேல் மீன்முள் போல வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பாலைப் புரட்டிப் புரட்டி விடுகின்றன. ஓட்டத்துக்குக் குறுக்காகப் படுத்த வரிகள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அழுத்தத்தை அதிகம் தின்னும். ஓட்டத்தோடு நிமிர்ந்த வரிகள் இதற்கு நேர்மாறு. துவாரத்தின் அருகே வேறு மாதிரி வரிகள் இருக்கும். பாலைத் தகட்டின் முழு அகலத்துக்கும் பரப்புவது அவற்றின் வேலை. பழைய தகட்டோடு வேறு மாதிரித் தகட்டை விலை மலிவு என்று கலந்து போடும் மெக்கானிக்குகள் உண்டு. கணக்குப் பார்த்துக் கலப்பது வேறு, கிடைத்ததைச் செருகுவது வேறு.

சந்தின் அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணெய் நல்ல உதாரணம். எண்ணெய் கலங்காமல் மெதுவாக ஓடும்போது, ஒரு சந்து மற்றதைவிட 10 சதவீதம் அகலமானால் அதில் 33 சதவீதம் கூடுதலாக ஓடும். ஆகவே போல்ட்டை ஆள் பலத்துக்கு ஏற்ப முடுக்கக்கூடாது. தகடு ஒன்றுக்கு 3.5 மில்லிமீட்டர் என்று கம்பெனி சொன்னால் 50 தகடுக்கு 175 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும்.

பாலில் இன்னொரு தொல்லை. சூடாக்கும் பகுதியில் ஓட்டம் குறைந்த சந்தில் பால் அதிகம் சூடேறி, அதன் புரதம் தகட்டில் படியும். படிந்தால் சந்து குறுகும். ஓட்டம் இன்னும் குறையும். காஸ்டிக் சோடாவும் அமிலமும் விட்டுக் கழுவும்போதும் அவை எளிதான சந்து வழியாகவே போய்விடும். எந்தச் சந்தைக் கழுவ வேண்டுமோ அங்கே சேராது. ஆகவே கழுவும் ஓட்டம் பால் ஓட்டத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்குமுன் இரு பக்க அழுத்த இழப்பையும், துவாரத்தில் மட்டும் ஆகும் இழப்பையும் எழுத்தில் வாங்குங்கள். நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் கேஜ் பொருத்தச் சொல்லுங்கள். புதிதாக ஓட்டும் முதல் நாளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவரில் எழுதி வைத்தால், பிறகு அது ஏறும்போது கழுவும் நேரம் வந்துவிட்டதென்று வேலையாளுக்கே தெரியும்.