மின்னஞ்சலில் ஒட்டிய படம் மட்டும் போதாது

இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் வங்கிக்கு எழுதும் மின்னஞ்சல்களில் திரும்பத் திரும்ப ஒரே குறையைப் பார்க்கிறேன். "கீழே உள்ள படத்தைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு வரி. அதன் கீழே வரிசையாக ஏழெட்டு ஸ்கிரீன்ஷாட். தொகை, தேதி, பரிவர்த்தனை எண் எதுவும் எழுத்தில் இல்லை. கேட்டால், "எல்லாம் படத்திலேயே இருக்கிறதே" என்கிறார்கள். சில நாள் கழித்து, "விவரங்கள் முழுமையாக இல்லை" என்று வங்கியிலிருந்து பதில் வருகிறது. அதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறியிருக்கும்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். பணம் போனது தெரிந்தவுடன் செய்ய வேண்டியது மின்னஞ்சல் அல்ல, 1930 என்ற எண்ணுக்கு அழைப்பு. தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. அடுத்து, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை வாங்குங்கள். வங்கிக்கு மின்னஞ்சல் எழுதுவது அதற்குப் பிறகுதான்.

மின்னஞ்சலின் உடலில் ஒட்டும் படம் எழுத்தோடு சேர்ந்து நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது தனித் துண்டாகவே பயணம் செய்கிறது. எழுத்துப் பகுதியில் "இந்த இடத்தில் இந்தப் படம்" என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பெறும் அலுவலகத்தின் புகார் மென்பொருள் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் படம் விடுபட்டுப்போகும். சில இடங்களில் "இமேஜ்001" போன்ற பெயர்களோடு ஒரு மூலையில் கிடக்கும். எது எந்தப் பரிவர்த்தனைக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. படம் சரியாகவே போய்ச் சேர்ந்தாலும், அதிலுள்ள எண்ணை ஊழியர் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் தேடுவது கிடைக்காது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பொருள் வரியில் புகாரின் தன்மையையும் ஒப்புகை எண்ணையும் எழுதுங்கள். உடலில் தேதி, நேரம், தொகை, பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி, 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையும் தனி வரியில் இருக்கட்டும். படங்களுக்கு "படம் 1, பணம் கழிந்த குறுஞ்செய்தி" என்பதுபோல் பெயரிட்டு, காகிதக் கவ்விச் சின்னத்தை அழுத்தி இணைப்பாகச் சேருங்கள். விளக்கத்துக்காக உடலிலும் ஒரு படம் வைப்பதில் தவறில்லை; அது மட்டுமே போதும் என்று நினைப்பதுதான் தவறு. ஜிமெயிலில் மொத்த இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் கோப்பு டிரைவ் சுட்டியாக மாறிவிடும். வெளிச் சுட்டியைத் திறக்க அலுவலகங்கள் தயங்கும். அப்போது இரண்டு மூன்று மின்னஞ்சல்களாகப் பிரித்து அனுப்புங்கள்.

மோசடியே மின்னஞ்சலில் வந்திருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டால் அதிகப் பயன் இல்லை. அது எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரம் தலைப்புத் தகவலில் இருக்கிறது. படத்தில் அது பதிவாகாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் மூன்று புள்ளிகளை அழுத்தி, "டவுன்லோட் மெசேஜ்" வழியாக முழுக் கோப்பையும் இறக்கி இணையுங்கள்.

மூலத்தை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று என்று குறுஞ்செய்தியையும் வாட்ஸ்அப் உரையாடலையும் நீக்கிவிடுவோர் ஏராளம். படத்தை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, அவர் அதை வங்கிக்கு அனுப்பும்போது, போய்ச் சேர்வது சுருக்கப்பட்ட நகல். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். நகல் எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அதில் சொல்ல வேண்டும். எனவே வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

மறைக்க வேண்டியதை மறைத்தே அனுப்புங்கள். ஒடிபி, பின், சிவிவி ஆகியவற்றை யார் கேட்டாலும் தராதீர்கள். ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் நகலையே பயன்படுத்துங்கள். போனிலுள்ள மெல்லிய மார்க்கரால் தீட்டினால், வெளிச்சத்தைக் கூட்டும்போது எழுத்து தெரிந்துவிடக்கூடும். முழுக் கருப்புக் கட்டம் போடுங்கள். வெட்டிய பகுதி போய்விட்டது என்றும் நம்பாதீர்கள். கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தக் கருவியிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும், வெட்டியெறிந்த பகுதியை மீட்டெடுக்க வழிவிட்ட ஓட்டை இருந்தது 2023இல் தெரியவந்தது. இப்போது சரிசெய்யப்பட்டாலும், பழைய படங்கள் பழைய படங்களே.

அனுப்பியதோடு ஓயாதீர்கள். வங்கியிடம் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தானியங்கிப் பதிலை அனுப்பிவிட்டு வாடிக்கையாளரை அலையவிடும் போக்கு கண்டிக்கத்தக்கது. அதற்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டாம். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல், மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை கூறியது. அந்த நாள்கணக்குக்கு உங்கள் மின்னஞ்சலின் தேதியும் நேரமுமே ஆதாரம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஆர்க் டாட் இன் தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

மீண்டும் சொல்கிறேன். முதலில் 1930. எண்களை எழுத்தில் கொடுங்கள். படங்களை இணைப்பாக அனுப்புங்கள். மூலத்தை உங்கள் போனிலேயே பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்றே இதைச் சொல்லிக்கொடுங்கள்.