மணியாச்சி ஜங்ஷன்

மதுரைக்குத் தெற்கே பிரயாணம் செய்திருக்கும் நேயர்கள் மணியாச்சியை அறிவார்கள். அறிவார்கள் என்றால், வண்டி நின்றபோது ஜன்னல் வழியாகப் பெயர்ப் பலகையைப் படித்திருப்பார்கள் என்றுதான் பொருள். இறங்கி ஊருக்குள் போனவர்கள் சிலரே. சுற்றிலும் கரிசல் நிலம். நடுவே சிறியதோர் ஊர். இங்கே ரயில் ஜங்ஷன் ஏற்பட்டது ஏன்? நமது சரித்திரத்தில் மறக்க முடியாத ஒரு சம்பவம் இங்கே நிகழ்ந்தது ஏன்? இரண்டுக்கும் விடை ஒன்றே. ஸ்டேஷன் அமைந்திருக்கும் விதத்தில் அந்த விடை இருக்கிறது.

தென்னிந்திய ரயில்வேயார் 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தார்கள். பருத்தி கப்பலேறும் துறைமுகம் தூத்துக்குடி. கொழும்புக்குப் போகிறவர்களுக்கும் அதுவே வாசல். ஆகையால் பிரதான பாதை கடலை நோக்கிச் சென்றது. ஜில்லாவின் தலைநகரமான திருநெல்வேலிக்குக் கிளைப் பாதைதான் கிடைத்தது. கலெக்டரே ஆனாலும் கிளைப் பாதையில் புறப்பட்டு வரவேண்டியதுதான்! இரண்டு பாதைகளும் பிரியும் இடம் மணியாச்சி. வடக்கே ஒரு தண்டு, தெற்கே இரு கைகள். ஒவ்வொரு கையும் சுமார் 30 கிலோமீட்டர். காகிதத்தில் வரைந்தால் சிறுவர்களின் கவட்டை போல் இருக்கும்.

சாதாரண ஸ்டேஷன் புறப்படுகிறவர்களுக்காகவும் வந்து சேருகிறவர்களுக்காகவும் ஏற்பட்டது. ஜங்ஷனோ காத்திருப்பவர்களுக்காக ஏற்பட்டது. அங்கே டிக்கட் ஜன்னலைவிடப் பிளாட்பாரமே முக்கியம். ஒரு வண்டியில் வந்து மறு வண்டிக்காகக் காத்திருக்கும் போது கலெக்டரும் கூலியாளும் ஒரே பிளாட்பாரத்தின் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். வகுப்புக்கு ஒரு பெட்டி உண்டு. ஆனால் வகுப்புக்கு ஒரு பிளாட்பாரம் கிடையாது.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்று கொழும்புக் கப்பலுக்குப் பிரயாணிகளைக் கொண்டு சேர்த்த வண்டிக்கு ‘போட் மெயில்’ என்று பெயர். அந்தக் கடல் வழியில் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்துத்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். 1908 மார்ச்சில் அவர் கைதானார், திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். அந்த நாட்களில் தூத்துக்குடியில் அதிகாரம் செலுத்தியவர்களில் ஒருவர் ஆஷ் துரை. பின்னர் அவரே திருநெல்வேலிக் கலெக்டரானார்.

1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி. காலை 9-30 மணிக்கு ஆஷ் தம் மனைவியுடன் திருநெல்வேலியில் வண்டி ஏறினார். அந்த அம்மையார் அயர்லாந்திலிருந்து வந்து சில நாட்களே ஆகியிருந்தன. கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைக் காண இருவரும் புறப்பட்டிருந்தார்கள். 10-38-க்கு வண்டி மணியாச்சி சேர்ந்தது. போட் மெயில் 10-48-க்கு வரவேண்டும். இடையே பத்து நிமிஷம். தம்பதிகள் முதல் வகுப்புப் பெட்டியிலேயே எதிரெதிரே அமர்ந்து காத்திருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிஷத்திற்குள் இரண்டு வாலிபர்கள் பெட்டியை நெருங்கினார்கள். ஒருவர் உள்ளே ஏறி ஆஷின் மார்பில் சுட்டார். அவர்தான் செங்கோட்டை வாஞ்சி. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வன இலாகா ஊழியர். சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூசுக்குள் புகுந்து, தம் வாயில் தாமே சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார். போட் மெயிலுக்காக ஏற்பட்ட இடைவேளையில் இரண்டு உயிர்கள் போய்விட்டன. வாஞ்சியின் செயலைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு; கண்ணெதிரே கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் துயரத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்க முடியாது.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது. இப்பொழுது சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸும், தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸும் நேராகவே போகின்றன. அவற்றில் செல்வோர் மணியாச்சியில் இறங்கிக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆஷுக்குத் தூத்துக்குடியில் ஞாபகார்த்த மண்டபம் இருக்கிறது. வாஞ்சியின் பெயரையோ ஸ்டேஷனே தாங்கி நிற்கிறது. இன்று அது ‘வாஞ்சி மணியாச்சி’.

பள்ளிக்கூடத்தில் 1911 என்ற ஆண்டைப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போட வைக்கிறோம். அத்துடன் ஒரு கவட்டைப் படத்தையும் அவர்கள் கையாலேயே வரையச் செய்வது நலம். தண்டின் நுனியில் மதுரை, ஒரு கையில் துறைமுகம், மறு கையில் கலெக்டர் கச்சேரி, மூன்றும் கூடும் இடத்தில் மணியாச்சி. கப்பலுக்கும் ரயிலுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்புறம் அவர்களே சொல்லிவிடுவார்கள்.