கழுத்துப்பட்டையில் பொறித்த எழுத்துக்கள்

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களையும் மலைவழிகளையும் கண்டு வர விரும்பும் குடும்பங்கள், காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டில், அடுப்பும் வெந்நீர்க் கலமும் குளிர்சாதனப் பெட்டியும் அறையைச் சூடாக்கும் உலையும் இயங்குவதற்குப் பெரும்பாலும் நம்பியிருப்பது, வண்டியின் முன்புறத்து இரும்புச் சட்டத்தின்மேல் நிறுத்திவைத்த ஒன்றிரண்டு புரோபேன் சிலிண்டர்களையேயாகும். நம் நாட்டுச் சமையலறைக்கு வருவது புரோபேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அங்கே ஏறக்குறைய முழுவதும் புரோபேனாகவே விற்பதற்குக் குளிர்தான் முக்கிய காரணம். தண்ணீர் உறையும் குளிரில் பியூட்டேன் ஆவியாக மறுத்துத் திரவமாகவே தங்கிவிடும். புரோபேனோ பூஜ்யத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியஸ் வரையில் ஆவியாகும் இயல்புடையது.

இந்த வாயுவை வாங்குகிறவன், தான் காசு கொடுத்து வாங்கும் சரக்கைக் கண்ணால் காண முடியாது என்பதே இந்த வியாபாரத்தின் விசேஷம். சிலிண்டர் எஃகு, உள்ளே எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிற்று என்பது வெளியே தெரியாது. இந்த இருட்டில் வாங்குகிறவனுக்குச் சாட்சியாக நிற்பவை சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் பொறித்திருக்கும் சில எழுத்துக்களும் எண்களும்தாம். அவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பண நஷ்டமும் பிராண அபாயமும் பெருமளவு குறைந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது எழுத்து டி.டபிள்யூ. அதன் பக்கத்தில் உள்ள எண், காலிச் சிலிண்டரின் எடையைப் பவுண்டுக் கணக்கில் சொல்லும். 20 பவுண்டு வாயு கொள்ளும் சாதாரணச் சிலிண்டருக்கு இது 17 அல்லது 18 என்றிருக்கும். ஆகவே நிறைந்த சிலிண்டர் 37 பவுண்டுக்குச் சற்று முன்பின்னாக நிறுக்க வேண்டும். நிறுத்த எடையிலிருந்து பொறித்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே உள்ளிருக்கும் வாயு. பலர் இதை விட்டுவிட்டு அழுத்தமானி ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு நிம்மதியடைகிறார்கள். திரவம் சிறிதளவேனும் மீதியிருக்கும் வரையில் உள்ளேயுள்ள அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று. முள் நிமிர்ந்தே நிற்க, விடியற்காலையில் உலை அணைந்துபோவது இதனால்தான்.

செலவுக் கணக்கும் எடையிலிருந்தே பிறக்கிறது. 20 பவுண்டு புரோபேன், அதாவது சுமார் 4.7 காலன், ஏறத்தாழ 4,30,000 பி.டி.யூ வெப்பம் தரும். குளிர்சாதனப் பெட்டி மணிக்கு 1,500 பி.டி.யூ அளவே கேட்பதால், அது மட்டுமே இயங்கினால் சிலிண்டர் ஏறக்குறைய 12 நாள் வரும். மணிக்கு 30,000 பி.டி.யூ விழுங்கும் உலையோ, தொடர்ந்து எரிந்தால் 14 மணி நேரத்தில் அதே சிலிண்டரைத் தீர்த்துவிடும். கோடையில் பல நாள் வந்தது இலையுதிர்காலத்தில் சில இரவுகளே வருகிறதென்று வியாபாரியைச் சந்தேகிப்பவர்கள் முதலில் இந்த உலையைச் சந்தேகிப்பது நியாயம். இரண்டு சிலிண்டர்கள் உள்ள வண்டியில் ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றுக்குத் தானாகவே மாறும் ரெகுலேட்டர் இருக்கும். அதன் சிறு சாளரம் சிவப்பாகிக் காலியானதை அறிவிக்கும். அதை ஒருவரும் போய்ப் பார்க்காமல் இரண்டும் தீர்ந்த பிறகே விழித்துக்கொள்வது வழக்கமாகையால், இரண்டாவது சிலிண்டரின் வால்வை மூடியே வைத்திருப்பது உத்தமம்.

தீர்ந்த சிலிண்டரை நிரப்பிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு: நிரப்பும் நிலையத்தில் கொடுத்து அதே சிலிண்டரை நிரப்பிப் பெறுவது ஒன்று, கடைவாசல் கூண்டில் காலியைக் கொடுத்து வேறு சிலிண்டரை மாற்றி எடுப்பது மற்றொன்று. மாற்றுச் சிலிண்டரில் பெரும்பாலும் இருப்பது 20 பவுண்டு அல்ல, 15 பவுண்டு. 2008-ஆம் ஆண்டில், இந்த வியாபாரத்தின் இரு பெரும் நிறுவனங்களான புளூ ரைனோவும் அமெரிகேஸும் 17 பவுண்டாக இருந்ததை 15 ஆகக் குறைத்தன. குறைத்த அளவை ஏற்கும்படி வால்மார்ட் கடைகளை நெருக்குவதற்கு இரண்டும் தம்முள் கூடிச் செயல்பட்டன என்று மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் குற்றஞ்சாட்ட, அவ்வழக்கு பின்னர் சமரச உத்தரவில் முடிந்தது. குறைத்து நிரப்புவது சட்டவிரோதமன்று. உள்ளதை உறையில் எழுதியிருக்கிறார்கள். எழுதியதை வாசித்து, பவுண்டுக்கு என்ன விலை விழுகிறதென்று வகுத்துப் பார்ப்பது வாங்குகிறவன் பொறுப்பு. நிரப்பும் நிலையத்திலும் காலன் கணக்கில் விற்கும் இடமும் உண்டு, சிலிண்டருக்கு ஒரே விலை என்று வாங்கும் இடமும் உண்டு. பாதி மீதியுள்ள சிலிண்டரோடு பின்னதற்குப் போனால் மீதியிருந்ததற்கும் மறுபடி பணம் கொடுத்ததாகிவிடும்.

எடைக்கு அடுத்தது தேதி. தயாரித்த மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தால் மறுபரிசோதனையின்றி நிரப்பக் கூடாதென்பது அந்நாட்டு விதி. வெளிப்புறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ச்சி தந்திருந்தால் புதிய தேதியோடு ‘ஈ’ என்னும் எழுத்து சேரும். அதற்கு ஆயுள் ஐந்தாண்டு. காலம் கடந்த சிலிண்டரை நிரப்ப மறுக்கும் ஊழியரிடம் சண்டையிடுவது வீண். அவர் செய்வது அவர் கடமை. அந்தச் சிலிண்டரைக் கடைவாசல் கூண்டில் கொடுத்து மாற்றிக்கொள்வதே சுலபமான பரிகாரம். இதே காரணத்தால், புத்தம்புதுச் சிலிண்டரை அந்தக் கூண்டில் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்து வருவது புத்திசாலித்தனமன்று.

சூட்டில் திரவம் பெருகுவதால் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் சாதனம் 2002-ஆம் ஆண்டு முதல், இந்த அளவுச் சிலிண்டர்களை நிரப்புவதற்கு அங்கே நிபந்தனையாகியிருக்கிறது. முக்கோண வடிவக் கைப்பிடி அதன் அடையாளம். ஒரு பவுண்டுக் கையடக்கப் புட்டிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு முறை உபயோகித்து எறிவதற்காகவே செய்த அப்புட்டியை மறுபடி நிரப்பி வியாபாரத்துக்காக எடுத்துச் செல்வது மத்திய சட்டப்படி குற்றம். கலிபோர்னியா மாநிலம் 2028 ஜனவரி முதல் அவற்றின் விற்பனையையே நிறுத்தச் சட்டம் செய்திருக்கிறது.

சிலிண்டரைக் காட்டிலும் அபாயம் வாய்ந்தது வண்டியின் உட்புறம். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால்தான் எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கருகில் பொருத்துகிறார்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லாரும் வெளியேறி, எட்டுமானால் சிலிண்டர் வால்வை மூடி, தூரத்திலிருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். வாடையாவது எச்சரிக்கும், காற்றோட்டமில்லாத இடத்தில் எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதை ஒரு காரணத்தாலும் மன்னிக்க முடியாது. வாயுக் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உரிய இரு எச்சரிக்கைக் கருவிகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. வாடகைக்கு வண்டி எடுப்பவர், பணம் கட்டுமுன் அவற்றைக் காட்டும்படி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஓடும் வழியிலும் விதிகள் குறுக்கிடும். பால்டிமோர் நகரத்துத் துறைமுகச் சுரங்கப்பாதையிலும் மெக்ஹென்றி கோட்டைச் சுரங்கப்பாதையிலும், சிலிண்டர் ஒன்றுக்குப் பத்துப் பவுண்டுக்கு மேற்பட்ட புரோபேனோடு நுழையக் கூடாது. சுற்றுவழியை முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

குறை நேர்ந்தால் கேட்க வாசல்கள் இருக்கின்றன. அளவில் மோசமென்று தோன்றினால் அந்தந்த மாநிலத்தின் எடை அளவைத் துறை. வண்டியோடு பொருத்தி வந்த உலை, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றில் பழுதென்றால் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். தனியாக வாங்கிய அடுப்பு போன்ற பொருள்களுக்கு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டி 15 ஆண்டுக்கு உட்பட்டதானால் கட்டணமின்றிச் சரிசெய்து தரும் கடமை தயாரிப்பாளருடையது. எடைக் குறைவைப் பற்றிய புகாருக்கு மட்டும் வெறும் வாய்ச்சொல் போதாது. ரசீதும், நிரப்பியவுடன் நிறுத்த எடையும், கழுத்துப்பட்டையின் டி.டபிள்யூ எண்ணும் கூடவே போக வேண்டும்.