பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கான அவசர நிதியுதவி

பெருந்தொற்றுக் கால அவசர நிதியுதவி என்பது, கொரோனாத் தொற்றால் குடும்ப வருமானம் திடீரென நின்றுபோன கல்லூரி மாணவர்கள் படிப்பைக் கைவிடாமல் இருக்க, அரசோ கல்லூரியோ திருப்பிச் செலுத்தத் தேவையில்லாமல் வழங்கும் தொகையாகும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இதற்கெனத் தனித் திட்டங்கள் 2020ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் பொதுவான ரொக்க உதவித் திட்டம் எதுவும் இருக்கவில்லை. குடும்ப அட்டை, நல வாரியம், இணையத் தரவு அட்டை, கட்டணச் சலுகை, கடன் தவணை ஒத்திவைப்பு எனப் பல வழிகளில் உதவி பிரிந்து வந்தது. இக்கட்டுரை அந்த வழிகளைத் திருநெல்வேலி மாவட்டம் விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

கல்வி உதவித்தொகையும் அவசர நிதியுதவியும்

இரண்டும் ஒன்றல்ல. கல்வி உதவித்தொகை ஓராண்டுக்கு முன்பே திட்டமிடப்படுவது. சாதி, வருமானம், மதிப்பெண், வருகைப்பதிவு ஆகியவற்றைச் சரிபார்த்து, கல்லூரி, மாவட்ட நல அலுவலகம், கருவூலம் எனப் பல படிகளைக் கடந்து மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஜூலையில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கான தொகை அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்து சேர்வதும் உண்டு.

அவசர நிதியுதவிக்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, அது விரைந்து வர வேண்டும். இரண்டாவது, கல்விக் கட்டணத்துக்கு மட்டுமன்றி உணவு, அறை வாடகை, மருந்து, செல்பேசி, பேருந்துச் செலவு ஆகியவற்றுக்கும் பயன்பட வேண்டும். மூன்றாவது, அது கடனாக இருக்கக் கூடாது. சென்ற ஆண்டின் வருமானச் சான்று சென்ற ஆண்டின் நிலையைத்தான் காட்டும். நேற்று வேலை இழந்த தந்தையின் நிலை அதில் தெரியாது. வழக்கமான உதவித்தொகை இருக்கும்போதே அவசர உதவியும் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

பின்னணி

உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்தது. தமிழ்நாட்டில் மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7 அன்றும், மற்ற ஆண்டு மாணவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்றும் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இரண்டாம் அலையின் காரணமாக 2021 மார்ச்சில் மீண்டும் மூடப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. 2019இல் பட்டப்படிப்பில் சேர்ந்த ஒருவர் தம் மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படித்து முடித்தார்.

விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வட்டத்தில் பொதிகை மலையடிவாரத்தில் அமைந்த நகராட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய நூற்பாலை (இன்றைய மதுரா கோட்ஸ்) இவ்வூரின் வளர்ச்சிக்கு அடிப்படையாக இருந்தது. ஆலை வேலை, தாமிரபரணிப் பாசன வயல் வேலை, கட்டட வேலை ஆகியவற்றோடு பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்யும் பீடி சுற்றும் தொழிலும் இப்பகுதிக் குடும்பங்களின் வருமானம். பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரி, அம்பாசமுத்திரம் அம்பை கலைக் கல்லூரி, ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி ஆகியவற்றில் இவ்வட்டாரப் பிள்ளைகள் படிக்கின்றனர். இவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

பீடித் தொழிலில் கூலி, சுற்றிக் கொடுக்கும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. பொதுமுடக்கத்தில் பீடிக் கடைகள் மூடப்பட்டபோது இலையும் தூளும் கிடைக்கவில்லை. எனவே கூலியும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்குப் பாதிச் சம்பளமாவது வரலாம். எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதே நேரத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியதால், அதுவரை தேவைப்படாத ஒரு புதுச் செலவும் சேர்ந்தது. அண்ணனும் தங்கையும் படிக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் நடந்தால் ஒரு செல்பேசி போதாது.

தமிழக அரசு வழங்கிய உதவிகள்

குடும்ப அட்டை வழியாக: 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கப்பட்டன. 2021 மே, ஜூன் மாதங்களில் சுமார் 2.07 கோடி அட்டைகளுக்கு இரு தவணைகளாக 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. இது மாணவருக்கென வந்த தொகை அல்ல. நான்கைந்து பேர் கொண்ட வீட்டில் இது அரிசி, பருப்பு, மருந்துச் செலவுக்கே சரியாகிவிடும். எனினும் மனு, சான்றிதழ் எதுவும் கேட்காமல் நியாயவிலைக் கடை வழியாக நேரே கிடைத்ததால், மிக விரைவாகச் சென்றடைந்த உதவி இதுவே எனலாம்.

இணையத் தரவு அட்டை: 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமாகப் பெறும் அட்டைகள் 9,69,047 மாணவர்களுக்கு வழங்கப்படும் என அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி அறிவித்தார். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் மாணவர்களும், கல்வி உதவித்தொகை பெறும் சுயநிதிக் கல்லூரி மாணவர்களும் இதில் அடங்குவர். கல்லூரி மாணவர் என்ற ஒரே அடையாளத்தில் பெருமளவில் கிடைத்த உதவி இது. ஆனால் கல்லூரிகள் மூடப்பட்டு ஏறக்குறைய பத்து மாதங்களுக்குப் பின்னரே இது தொடங்கியது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் உள்ள காணிக்காரர் குடியிருப்புகள் போன்ற மலைப்பகுதிகளில் சிக்னல் கிடைப்பதே அரிது. அங்கே அட்டை கையில் இருந்தாலும் வகுப்பு கிடைக்காது.

பெற்றோரை இழந்தவர்களும் 18 வயது வரம்பும்

2021 மே 29 அன்று மாநில அரசும் ஒன்றிய அரசும் தனித்தனியே திட்டங்களை அறிவித்தன. தமிழக அரசின் திட்டப்படி, கொரோனாவால் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையாக வைக்கப்பட்டு, 18 வயது நிறைந்ததும் வட்டியோடு வழங்கப்படும். பட்டப்படிப்பு வரையிலான கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்கும். உறவினர் அல்லது பாதுகாவலரிடம் வளரும் குழந்தைக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகளுக்காக, உயிரோடு இருக்கும் தாய் அல்லது தந்தையிடம் 3 லட்சம் ரூபாய் வழங்கப்படும்.

ஒன்றிய அரசின் பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டத்தில், 18 வயதாகும்போது 10 லட்சம் ரூபாய் நிதி உருவாக்கப்படுகிறது. 18 முதல் 23 வயது வரை அதிலிருந்து மாத உதவித்தொகையும், 23 வயதில் முழுத் தொகையும் கிடைக்கும். உயர்கல்விக் கடன் பெற்றால் அதன் வட்டியை நிதியமே செலுத்தும்.

இங்கே கவனிக்க வேண்டியது வயது வரம்பு. பெற்றோர் இறந்த நாளில் 18 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது ஒன்றியத் திட்டத்தின் நிபந்தனை. மாநிலத் திட்டமும் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதே. ஆகவே பிளஸ் டூ படித்த தங்கைக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே வீட்டில் இரண்டாம் ஆண்டு பி.காம். படித்த 19 வயது அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. சட்டப்படி அவர் பெரியவர். ஆனால் வருமானம் இல்லாதவர். பல வீடுகளில் அன்றைக்கே குடும்பப் பொறுப்பையும் ஏற்றவர். படிப்பை நிறுத்தும் வாய்ப்பு மிகுதியாக இருந்த வயதினர் இவர்களே.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஸ்வநாத் உதவித்தொகை இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. கொரோனாவால் தாய் அல்லது தந்தையை இழந்தவர்கள் உள்ளிட்டோருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்கும் திட்டம் இது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆனால் அக்குழுவின் ஒப்புதல் பெற்ற பட்ட, பட்டயப் படிப்புகளுக்கே இது பொருந்தும். வழக்கமான கலை அறிவியல் பாடங்களைப் படிப்போர் இதன் வரம்புக்குள் வருவதில்லை.

இவை தவிர, உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, கொரோனாவால் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 50,000 ரூபாய் வழங்கப்பட்டது. இதற்கு மாணவரின் வயது தடையில்லை.

தொழிலாளர் நல வாரியங்கள்

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தொழிலாளர் நல அமைப்பு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. 1976ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் இதற்கு அடிப்படை. தேசிய கல்வி உதவித்தொகை இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் வகுப்புக்கு ஏற்ப 1,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை வழங்கப்படுகிறது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தோரின் பிள்ளைகளுக்கும் கல்லூரிக் கல்விக்கு உதவி உண்டு.

இவ்விரண்டிலும் முதல் தேவை பெற்றோரின் அடையாள அட்டையும் பதிவுப் புதுப்பிப்பும் ஆகும். ஆண்டுக்கணக்கில் பீடி சுற்றியும் தம் பெயரில் அட்டை இல்லாமல், அக்கம்பக்கத்தார் கணக்கில் பீடி போடும் பெண்கள் உள்ளனர். அவர்களுடைய பிள்ளைகள் இந்த உதவியைப் பெற முடியாது. பேரிடர் வந்தபின் பதிவு செய்ய ஓடுவது பயன் தருவதில்லை.

கட்டணமும் கடனும்

பல்கலைக்கழக மானியக் குழு 2020–21 கல்வியாண்டில் முதலாண்டு மாணவர் சேர்க்கையை 2020 நவம்பர் 30க்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றும், அதன்பின் டிசம்பர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது என்றும் அறிவித்தது.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்களுக்குக் கல்விக் கடன் உள்ளிட்ட கடன் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளை அனுமதித்தது. தவணை ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அல்ல. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறும். பின்னர் 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்டது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 2020 மார்ச் 27 அன்று நிறைவேறிய கேர்ஸ் சட்டம், கல்லூரிகளுக்கு ஒதுக்கிய நிதியில் குறைந்தது பாதியை மாணவர்களுக்கு நேரடி அவசர உதவியாக வழங்க வேண்டும் என விதித்தது. அவ்வாறு மாணவருக்கெனக் கணக்கிடப்பட்ட தொகை சுமார் 628 கோடி டாலர். உணவு, தங்குமிடம், பாடப்பொருள், தொழில்நுட்பம், மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு ஆகிய செலவுகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் வெளிநாட்டு மாணவர்கள் விலக்கப்பட்டிருந்தனர். 2021 மே மாத விதித் திருத்தத்துக்குப் பிறகு அவர்களும் பெற முடிந்தது.

கனடாவில் 2020 மே முதல் ஆகஸ்ட் வரை, நான்கு வாரங்களுக்கு 1,250 டாலர் மாணவர் கையிலேயே வழங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கும், தம்மைச் சார்ந்து வாழ்வோரை உடையவர்களுக்கும் 2,000 டாலர் கிடைத்தது. இது குடிமக்கள், நிரந்தரக் குடியுரிமை பெற்றோர் ஆகியோருக்கானது. படிக்கச் சென்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இல்லை.

இலங்கையில், கல்வி ஆய்வு வலையமைப்பான லேர்ன் வழியாகப் பல்கலைக்கழக இணையதளங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுக 2020இல் வசதி செய்யப்பட்டது. யாழ்ப்பாணம் உள்ளிட்ட அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் இதனால் பயன்பெற்றனர். தமிழ்நாட்டில் தரவு அட்டை கையில் கொடுக்கப்பட்டது. அங்கே பாடத்துக்கான பாதை மட்டும் இலவசமாக்கப்பட்டது. அட்டை அச்சிட்டு வழங்கும் வேலை இல்லாததால் இம்முறையை விரைவாகத் தொடங்க முடியும்.

ஒப்பீடு

இந்த உதவிகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன.

1. ஏற்கெனவே உள்ள பட்டியலைப் பயன்படுத்திய உதவி விரைவாகச் சென்றது. குடும்ப அட்டை இதற்குச் சான்று. புதிதாக மனு வாங்கிச் சரிபார்த்த திட்டங்கள் தாமதமாயின.
2. பள்ளிப் பிள்ளையைக் குழந்தையாகவும், கல்லூரி மாணவரைப் பெரியவராகவும் கருதியதால் 18 முதல் 21 வயதினர் இடையில் விடுபட்டனர்.
3. அமெரிக்க முறையில் தொகையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு கல்லூரியிடமே இருந்தது. எந்த மாணவர் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார் என்பதைத் துறைத்தலைவர் அறிவார். மாவட்ட அலுவலகம் அறியாது. தமிழகக் கல்லூரிகளிடம் அத்தகைய நிதியோ அதைச் செலவிடும் அதிகாரமோ பொதுவாக இல்லை.

மாணவர்கள் முன்கூட்டியே செய்யக்கூடியவை

வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருப்பதையும், அது ஆதாரோடு இணைக்கப்பட்டிருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். பெற்றோர் பீடி, கட்டடம், ஆட்டோ என எத்தொழில் செய்தாலும் உரிய வாரியத்தில் பதிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் வருமானம் நின்றால் கட்டணக் கெடு முடியும்வரை காத்திராமல், முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்துத் தவணை கேட்க வேண்டும். வாய்மொழிக் கோரிக்கைக்குப் பதிவு இராது. மாற்றுச் சான்றிதழை வாங்கிச் சென்றுவிட்டால் மீண்டும் சேர்வது கடினம். ஆகையால் படிப்பை நிறுத்தும் முடிவை எடுக்கும்முன் துறை ஆசிரியரிடம் பேசுவது நல்லது.

பெருந்தொற்றுக்குப் பின்

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. இவை பேரிடர் உதவிகள் அல்ல; ஆனால் மாதந்தோறும் மாணவரின் கணக்குக்கே பணம் நேரடியாகச் செல்லும் ஏற்பாடு இவற்றால் உருவாகியுள்ளது. 2020இல் இல்லாத அந்தப் பட்டியல் இன்று இருக்கிறது. இனி ஒரு வெள்ளமோ தொற்றோ வந்தால், அதே கணக்குக்கு ஒரு மாதத் தொகையைக் கூடுதலாக அனுப்புவதற்குப் புதிய மனுக்கள் தேவைப்படாது.