தொடையிலிருந்து வந்த புன்னகை

நாகூர் தர்காவின் அலங்கார வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மிட்டாய்க் கடை. கல்லாவில் அமர்ந்திருந்த பெரியவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். அதாவது, அவருடைய முகத்தின் வலது பாதி சிரித்தது. இடது பாதியோ, சம்பந்தமே இல்லாத வேறொருவருடைய முகம் போல் அசையாதிருந்தது. இடது கண் மூடவில்லை. அதிலிருந்து வழிந்த நீரைத் தோள் துண்டால் ஒற்றிக்கொண்டே அவர் வியாபாரத்தைக் கவனித்தார்.

"பன்னிரண்டு வருஷமாச்சுங்க. ஒரு நாள் காலையிலே வாய் கொப்புளிச்சேன். தண்ணி ஒரு பக்கமா ஒழுகிப்போச்சு. அன்னிக்கு வந்ததுதான். புதுசா வர்றவங்க நான் ஏளனம் பண்றதா நினைச்சுக்கிறாங்க. மூத்த மக நிக்காஹ்விலே படம் பிடிக்க வந்த பையன்கிட்ட, என்னை விட்டுடு தம்பின்னு சொல்லிட்டேன்" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "இத்தனை வருஷத்துக்கு மேலே இதுக்கு வழி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கரின் தீராத நோயைத் தீர்த்தவர் என்று நாகூர் ஆண்டவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லுகிறார்கள். அந்த ஊரிலே உட்கார்ந்துகொண்டு ஒருவர் இவ்வாறு கேட்கும்போது, தெரிந்ததை விவரமாகச் சொல்லாமல் வர நமக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

முகத்தை அசைக்கும் நரம்பு, காதின் பின்புறமுள்ள எலும்பில் ஒரு குறுகிய குகை வழியாக வந்து, கன்னத்தில் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. இந்த நரம்பின் வேலையை 1821-ஆம் ஆண்டில் விளக்கியவர் சார்லஸ் பெல் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர். எலும்புக் குகைக்குள் நரம்பு வீங்கினால் அதற்கு விலகிக்கொள்ள இடமில்லை, நசுங்கிவிடுகிறது. அதுதான் முகவாதம். பத்தில் ஏழு பேருக்கு ஒரு சிகிச்சையும் இல்லாமலே முழுக் குணம் உண்டாகிறது. ஆகையால்தான் இந்த நோய்க்குக் கைகண்ட மருந்துகள் எண்ணற்றவை! தைலம் தேய்த்தவர் தைலத்தைப் புகழ்கிறார். பத்தியம் இருந்தவர் பத்தியத்தைப் புகழ்கிறார். ஆனால் முதல் மூன்று தினங்களுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமாகிறவர்களின் தொகை இன்னும் கூடுகிறது என்பது பரிசோதித்து அறிந்த உண்மை. பாரிசவாயுவிலும் வாய் கோணும். இது எது என்று தெரிந்துகொள்வதற்காகவாவது அன்றைக்கே வைத்தியரிடம் ஓடவேண்டும்.

குணமாகாத சிலரின் கதிதான் பரிதாபம். தண்ணீர் வராத கடைமடை வயலை நாகூர்ப் பக்கத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. நரம்பின் கட்டளை வராத தசையும் அப்படித்தான். ஒன்றரை இரண்டு வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு வற்றி நாராகிவிடுகிறது. அதற்கு மேல் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் விட்டு என்ன பயன்? பயிரே இல்லையே! வேறு நாற்றைக் கொண்டுவந்துதான் நடவேண்டும்.

உடலின் ஓரிடத்துத் தோலை மற்றோரிடத்தில் வைத்துத் தைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. பூனாவில் ஒரு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்த செய்தியை 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்துடன் வெளியிட்டது. ஆனால் மூக்கு அசையவேண்டியதில்லை, சிரிப்பு அசையவேண்டும்.

நேயர்கள் கன்னப்பொறியில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பார்க்கட்டும். ஒரு தசை திரளுகிறதல்லவா? அதற்குக் கட்டளையிடுவது வேறொரு நரம்பாகையால், முகவாதம் அதைத் தொடுவதில்லை. அதில் ஒரு பட்டையைப் பிரித்து இமைக்கோ வாய்க்கோ இழுத்துவிடும் முறையை இங்கிலாந்தின் ஹரால்டு கில்லிஸ் 1934-ல் விவரித்தார். அந்த முறை நமது நாட்டில் தொழுநோயாளிகளுக்குப் பேருதவியாயிற்று. தொழுநோய் இமையை மூடும் நரம்புக்கிளையைக் கெடுத்துவிடும். மூடாத கண்ணில் தூசி விழுந்து விழுந்து பார்வையே போய்விடும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு என்ற வைத்தியர், நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையின் நாணை மாற்றிக் கட்டி நிமிர்த்தினார். வேலை செய்யும் தசையை வேலையில்லாத இடத்துக்கு மாற்றும் அதே தத்துவம் கண்ணிமைக்கும் பயன்பட்டது. கில்லிஸிடம் பயின்ற என்.எச். ஆண்டியா, பூனாவிலும் பம்பாயிலும் தொழுநோயாளிகளின் முகங்களைச் சீர்செய்தார்.

இந்தச் சிகிச்சை பெற்றவர் பல்லைக் கடித்தால் கண் மூடும். சாப்பிடும்போது அது தானாகவே சிமிட்டிக்கொள்ளும். ஓயாமல் வெற்றிலை மெல்லும் நம்மவர்களின் கண்ணுக்கு உலர்ந்துபோக நேரமே இராது!

1976-ல் ஜப்பானியரான கியோனோரி ஹாரியும் அவர் கூட்டாளிகளும் ஒரு படி மேலே போனார்கள். தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு மெல்லிய தசைத்துண்டை அதன் இரத்தக் குழாய்களோடும் நரம்போடும் எடுத்து, கன்னத்தில் பதித்துத் தைத்தார்கள். ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்களை, தலைமயிரைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இணைக்கவேண்டும். அந்த இணைப்பில் இரத்தம் உறைந்துவிட்டால் தசை செத்துவிடும்.

புதுத் தசைக்குக் கட்டளை எங்கிருந்து வரும்? இரண்டு வழிகள் உண்டு. கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து, நல்ல கன்னத்தின் நரம்புக்கிளையோடு பொருத்தி, மேலுதட்டின் வழியாக மறுபக்கம் கொண்டுவருவது ஒன்று. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஆகையால் ஒன்பது மாதம், ஒரு வருஷம் காத்திருந்து, பிறகே தசையை வைக்கவேண்டும். பலன் தெரிய மேலும் பல மாதங்களாகும். ஆனால் மனத்தில் சிரிப்பு வந்த கணமே இரு கன்னமும் சேர்ந்து சிரிக்கும். பல் கடிக்கும் தசையின் நரம்போடு இணைப்பது இரண்டாவது வழி. ஒரே ரண சிகிச்சை. மூன்று முதல் ஆறு மாதத்தில் அசைவு தொடங்கும். ஆனால் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும். கண்ணாடி முன் நாள்தோறும் பழகப் பழக, கடிக்காமலே சிரிக்கப் பலர் கற்றுக்கொள்கிறார்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வழியே ஏற்றது.

இதனால் பழைய முகம் அப்படியே திரும்பிவிடும் என்று எண்ணவேண்டாம். பல தசைகள் செய்த வேலையை ஒரே தசை செய்கிறது. கண்ணுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும். மேலிமைக்குள் சிறு தங்கக் கட்டியை வைத்து, அதன் கனத்தால் மூடச் செய்வதும் உண்டு. இத்தகைய நுண்ணிய ரண சிகிச்சைக்குக் கோயமுத்தூர் கங்கா மருத்துவமனை போன்ற இடங்கள் நம் மாகாணத்திலேயே இருக்கின்றன, சீமைக்குப் போகவேண்டியதில்லை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தொடையிலே வெட்டினா நடக்கிறது?" என்றார். அந்த வேலையைப் பார்க்க அங்கே வேறு தசைகள் இருக்கின்றன, நடை கெடாது என்றோம். பிறகு விரல் விட்டு மாதங்களை எண்ணினார். இளைய மகளுக்கு அடுத்த வருஷம் நிக்காஹ் வைத்திருக்கிறார்களாம்.

"கடையை எத்தனை நாள் மூடணும்?"

"மூட வேண்டாம் வாப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று உள்ளேயிருந்து மகனுடைய குரல் வந்தது.